வேலைப் பயிற்சி: கற்றுக்கொள்ளவா, வேலை வாங்கவா?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். கல்லூரியில் கணக்கியல் படித்த ஒரு மாணவர் முதன்முதலாக ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, கசங்கிய ரசீதுகள் நிறைந்த கோப்பைப் பிரித்துப் பார்க்கும்போதுதான் அந்தப் பழமொழியின் பொருள் அவருக்கு முழுமையாக விளங்கும். பாடநூலில் வரவும் செலவும் எப்போதும் சரியாகப் பொருந்தியிருக்கும். அலுவலகத்தில் ஒரு ரசீது காணாமல் போயிருக்கும். இன்னொன்றில் தேதி தெளிவாக இருக்காது. மூன்றாவதை அனுப்பியவர் தொலைபேசியை எடுக்கமாட்டார். இவற்றுக்கு நடுவே மாதக் கணக்கை முடித்துக் கொடுக்க வேண்டும். இந்தப் பாடத்தை எந்த விரிவுரையாளராலும் கரும்பலகையில் எழுதிக் காட்ட முடியாது.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் வேலைப் பயிற்சி என்ற ஏற்பாடு இருக்கிறது. 'இன்டர்ன்ஷிப்' என்று இளையர்கள் சொல்வது இதைத்தான். சிங்கப்பூரில் தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் படிப்போரில் பெரும்பாலோர் படிப்பை முடிப்பதற்குள் ஒருமுறையேனும் இந்தக் கட்டத்தைக் கடக்கிறார்கள்.

ஆனால் இதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் மூன்று தரப்பிலிருந்தும் மூன்று குறைகள் கேட்கின்றன. "மலிவான ஆள் கிடைத்தது என்று பிள்ளைகளிடம் வேலை வாங்கிக்கொள்கிறார்கள்" என்பது பெற்றோர் தரப்பு. "சொல்லிக் கொடுத்து முடிப்பதற்குள் பயிற்சிக் காலமே முடிந்துவிடுகிறது" என்பது முதலாளிகள் தரப்பு. "நல்ல இடங்கள் எல்லாம் தெரிந்தவர்கள் இருப்போருக்கே போகின்றன" என்பது மாணவர்கள் தரப்பு. மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. வேலைப் பயிற்சி என்றால் என்ன, எது அல்ல என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டால் மூன்றுக்கும் விடை தேட முடியும்.

தொடக்கம் எங்கே?

படிப்பையும் வேலையையும் திட்டமிட்டு இணைக்கும் எண்ணம் புதிதன்று. அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் பொறியியல் துறையைச் சேர்ந்த ஹெர்மன் ஷ்னைடர் 1906 ஆம் ஆண்டில் 27 மாணவர்களுடன் ஒரு சோதனை முயற்சியைத் தொடங்கினார். மாணவர்கள் சிறிது காலம் வகுப்பிலும் சிறிது காலம் தொழிற்சாலையிலுமாக மாறி மாறிக் கழித்தார்கள். வகுப்பில் கேட்ட கோட்பாட்டைத் தொழிற்சாலையில் சோதித்துப் பார்த்தார்கள்; தொழிற்சாலையில் எழுந்த கேள்வியோடு வகுப்புக்குத் திரும்பினார்கள். பின்னர் 1957 இல் தொடங்கப்பட்ட கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் இதே முறையைத் தன் கல்வியின் அடித்தளமாகவே ஆக்கிக்கொண்டது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தொழிற்சாலைக்கு ஆள் சேர்ப்பது அந்த ஏற்பாட்டின் முதல் நோக்கம் அல்ல. பொறியாளரை முழுமையாக உருவாக்குவதே நோக்கம். வேலைப் பயிற்சியில் ஏதேனும் தவறு நேரும்போது, அநேகமாக இந்த நோக்கம் மறக்கப்பட்டிருக்கும்.

சிங்கப்பூரில் எப்படி நடக்கிறது?

சிங்கப்பூரில் இதற்குப் பெரிய உந்துதல் 2014 இல் கிடைத்தது. அப்போது கல்வி, சட்ட மூத்த துணை அமைச்சராக இருந்த இந்திராணி ராஜா தலைமையிலான 'ஆஸ்பயர்' குழு, பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலும் வழங்கப்படும் கல்வியை ஆராய்ந்து அறிக்கை அளித்தது. வேலைப் பயிற்சியை மேம்படுத்த வேண்டும், மாணவர் என்ன கற்க வேண்டும் என்பதை முன்கூட்டியே வரையறுக்க வேண்டும் என்பவை அதன் முக்கியப் பரிந்துரைகளில் அடங்கும். அதன் பிறகு பல பட்டயப் படிப்புகளில், சில வாரங்களில் முடிந்துவந்த பயிற்சி சுமார் ஆறு மாதம் வரை நீண்டது.

பல்கலைக்கழகங்களில் முறைகள் வேறுபடுகின்றன. சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டம் பெற குறைந்தது 10 வாரப் பயிற்சி தேவை. சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகத்தில் ஒருங்கிணைந்த வேலை-கல்வித் திட்டம் 8 முதல் 12 மாதம் வரை நீடிக்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டுக் கல்லூரித் திட்டம் மாணவர்களை சிலிக்கன் பள்ளத்தாக்கு போன்ற இடங்களில் உள்ள புத்தாக்க நிறுவனங்களுக்கு அனுப்புகிறது. தாதிமைப் படிப்பில் மருத்துவமனைப் பயிற்சியும் பாலர் கல்வியில் பாலர் பள்ளிப் பயிற்சியும் படிப்பிலிருந்து பிரிக்க முடியாதவை.

நான்கு சொற்கள், நான்கு பொருள்கள்

குழப்பம் பெரும்பாலும் சொற்களில் தொடங்குகிறது. விடுமுறை வேலை, வேலைப் பயிற்சி, வேலை-கல்விப் பட்டயம், பட்டதாரிப் பயிற்சி ஆகிய நான்கையும் பலர் ஒன்றாகவே எண்ணிவிடுகிறார்கள்.

விடுமுறை வேலை என்பது சம்பளத்துக்காகச் செய்யும் வேலை. பேரங்காடியில் பொருள் அடுக்குவதும் உணவகத்தில் பரிமாறுவதும் இதில் அடங்கும். அதில் கேவலம் எதுவும் இல்லை. பொறுப்புணர்ச்சியை அது நன்றாகவே கற்றுத் தரும். ஆனால் படித்த துறையோடு அதற்குத் தொடர்பு இருக்க வேண்டியதில்லை.

வேலைப் பயிற்சி என்பது படிப்பின் ஓர் அங்கம். அதில் மாணவர், கல்லூரி, நிறுவனம் என்று மூன்று தரப்பு உண்டு. நிறுவனத்தில் ஒரு மேற்பார்வையாளரும் கல்லூரியில் ஒரு பொறுப்பு விரிவுரையாளரும் இருப்பார்கள். இறுதியில் மதிப்பீடு உண்டு.

வேலை-கல்விப் பட்டயம் என்பது தொழில்நுட்பக் கல்விக் கழகம் நிறுவனங்களோடு சேர்ந்து நடத்தும் படிப்பு. இதில் மாணவர் நிறுவனத்தின் ஊழியராகவே சேர்ந்து, சம்பளம் பெற்றுக்கொண்டே படிக்கிறார். வகுப்பைவிட வேலையிடத்தில்தான் அதிக நேரம் கற்கிறார்.

பட்டதாரிப் பயிற்சி என்பது படிப்பை முடித்து, நிலையான வேலை இன்னும் கிடைக்காதவர்களுக்கானது. கொவிட்-19 காலத்தில், 2020 இல், 'எஸ்ஜி யுனைடெட்' பயிற்சித் திட்டம் இப்படித்தான் வந்தது. வேலைச் சந்தை மந்தமானபோது 2025 இல் 'கிரிட்' என்ற திட்டம் அறிவிக்கப்பட்டது. 800 இடங்கள் வரை, 3 முதல் 6 மாதக் காலம், மாதம் 1,800 முதல் 2,400 வெள்ளி வரை பயிற்சித்தொகை என்று அது அமைந்தது.

எனவே ஒரு நிறுவனம் "பயிற்சிக்கு வாருங்கள்" என்று அழைத்தால், இந்த நான்கில் எது என்பதையே மாணவர் முதலில் கேட்க வேண்டும். உரிமைகளும் கடமைகளும் அதைப் பொறுத்தே மாறுகின்றன.

பணமும் சட்டமும்

வேலைப் பயிற்சி மாணவருக்கு இவ்வளவு பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்று சிங்கப்பூரில் பொதுவான குறைந்தபட்சத் தொகை எதுவும் சட்டத்தில் இல்லை. பிரான்ஸில் நிலைமை வேறு. அங்கு பயிற்சி இரண்டு மாதத்தைத் தாண்டினால் நிறுவனம் பணம் கொடுத்தே தீர வேண்டும். இங்கு தொகை துறைக்குத் துறை, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. ஆகவே எவ்வளவு தொகை, எந்தத் தேதியில் வரும், போக்குவரத்துச் செலவு தனியாக உண்டா, மருத்துவ விடுப்பில் பிடித்தம் உண்டா என்பவற்றைத் தொடங்குவதற்கு முன்பே எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது.

மத்திய சேமநிதி பற்றிப் பல பெற்றோருக்குச் சந்தேகம் உண்டு. முழுநேர மாணவர் ஒருவர், தம் கல்லூரி அங்கீகரித்த பயிற்சியைப் படிப்பின் பகுதியாக மேற்கொண்டால் பொதுவாக மசேநிதிச் சந்தா செலுத்த வேண்டியதில்லை. ஆனால் அவரே பகுதிநேர ஊழியராக வேலை செய்யும்போது நிலைமை வேறு. மாதச் சம்பளம் 50 வெள்ளியைத் தாண்டினால் முதலாளியின் பங்கும், 500 வெள்ளியைத் தாண்டினால் ஊழியரின் பங்கும் பொதுவாகச் செலுத்தப்பட வேண்டும். மாணவர்களுக்கான விலக்குகளை மசேநிதிக் கழகத்தின் இணையத்தளத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

பெயரில் 'பயிற்சி' என்று இருந்தாலும், நடப்பில் அது ஒரு வேலை ஒப்பந்தமாக இருந்தால் வேலை நியமனச் சட்டம் பொருந்தும். வேலை நேரம், ஓய்வுநாள் ஆகியவை அப்போது நிறுவனத்தின் தயவைப் பொறுத்தவை அல்ல. வேலை ஒப்பந்தத்தின் கீழோ தொழில் பழகுநர் ஒப்பந்தத்தின் கீழோ இருப்பவருக்கு வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டமும் பாதுகாப்பு அளிக்கிறது. தம் பயிற்சி எந்த வகை, காயம் ஏற்பட்டால் எந்தக் காப்புறுதி பொருந்தும் என்பதைக் கல்லூரியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது, பட்டறையிலோ ஆய்வுக்கூடத்திலோ கட்டுமானத் தளத்திலோ பயிற்சி பெறுவோருக்கு மிக அவசியம்.

இந்தியாவில் படிக்கும் உறவினர் பிள்ளை இங்கு வந்து பயிற்சி பெறலாமா என்று கேட்கும் குடும்பங்களும் உண்டு. அதற்கென உள்ள பயிற்சி அனுமதியை இங்குள்ள நிறுவனம்தான் மனிதவள அமைச்சிடம் விண்ணப்பித்துப் பெற வேண்டும். சுற்றுப்பயணியாக வந்து, "சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லி அலுவலகத்தில் வேலை செய்வது சட்டப்படி குற்றமாகும்.

தெரிந்தவர் இல்லாதவர் என்ன செய்வது?

இரண்டு மாணவர்களை எண்ணிப் பார்க்கலாம். இருவரும் ஒரே வகுப்பு, ஒரே மதிப்பெண். ஒருவரின் தந்தை வங்கியில் அதிகாரி. இரவு உணவின்போதே பயிற்சிக்கு ஓர் இடம் பேசி முடிக்கப்பட்டுவிடுகிறது. இன்னொருவரின் தந்தை லாரி ஓட்டுநர், தாய் துப்புரவுப் பணியாளர். தம் பிள்ளை எந்த நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று சொல்ல அவர்களுக்கு ஆசை இருந்தும் வழி தெரியாது. பிள்ளையின் திறமையில் குறை இல்லை. தகவல் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

அந்தத் தகவல் கிடைக்கும் இடங்கள் உள்ளன. ஒவ்வொரு கல்லூரியிலும் வாழ்க்கைத்தொழில் வழிகாட்டி அலுவலகம் இருக்கிறது. கடைசி ஆண்டில் மட்டும் அதன் கதவைத் தட்டுவது பலரும் செய்யும் தவறு. முதலாண்டிலேயே ஒருமுறை சென்று பேசியவரின் பெயர், வாய்ப்பு வரும்போது அந்த அதிகாரியின் நினைவுக்கு வரும். அதே படிப்பை முடித்த மூத்த மாணவர்களிடம், "நீங்கள் எங்கே பயிற்சி பெற்றீர்கள், அங்கே என்ன கற்றீர்கள்?" என்று கேட்கலாம். அரசாங்க அமைப்புகளின் வாய்ப்புகள் 'கேரியர்ஸ்@கவ்' இணையத்தளத்தில் வெளியாகின்றன. சிண்டா போன்ற சுயஉதவிக் குழுக்களிடமும் ஆலோசனை கேட்கலாம்.

பெரிய பன்னாட்டு நிறுவனங்களை மட்டும் குறிவைப்பதும் சரியன்று. ஐம்பது பேர் வேலை செய்யும் சிறு நிறுவனத்தில் ஒரே மாணவர் விற்பனையையும் கணக்கையும் வாடிக்கையாளரையும் நேரில் பார்க்கிறார். பெரிய நிறுவனத்தில் அவருக்கு ஒரே ஒரு அட்டவணை மட்டும் கொடுக்கப்படலாம். பெயரின் கனத்தைவிட, அங்கு என்ன செய்யக் கிடைக்கும் என்பதே முக்கியம். தமிழும் ஆங்கிலமும் சரளமாக அறிந்தவருக்கு ஊடகம், மொழிபெயர்ப்பு, மரபுடைமை, சமூக சேவை, இந்தியாவோடு வணிகம் செய்யும் நிறுவனங்கள் ஆகியவற்றில் அந்த இருமொழி ஆற்றலே ஒரு தகுதி.

இன்னொரு சிக்கலையும் மறைக்காமல் பேச வேண்டும். வார இறுதியிலும் மாலையிலும் வேலை செய்து வீட்டுச் செலவுக்குக் கைகொடுக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். ஆறு மாத முழுநேரப் பயிற்சி வந்தால் அந்த வருமானம் குறையும். பயிற்சித்தொகை அதை ஈடுசெய்யாமல் போகலாம். இதை வெட்கப்பட்டு மறைத்துவிட்டு, பகலில் பயிற்சி, இரவில் வேலை என்று உடலைக் கெடுத்துக்கொள்வதில் பயன் இல்லை. இடம் ஒதுக்கப்படுவதற்கு முன்பே பொறுப்பு விரிவுரையாளரிடம் நிலைமையைச் சொன்னால், தொகை சற்றுக் கூடுதலான இடத்தையோ வீட்டுக்கு அருகில் உள்ள இடத்தையோ பரிசீலிக்க முடியும். கல்லூரியின் உதவி நிதிக்கும் விண்ணப்பிக்கலாம். தாமதமாகச் சொன்னால் இந்த வழிகள் அடைபட்டுவிடும்.

விண்ணப்பமும் நேர்முகமும்

தன்விவரக் குறிப்பு ஒரு பக்கம் இருந்தால் போதும். அதில் "கடின உழைப்பாளி", "குழு மனப்பான்மை உள்ளவர்" போன்ற சொற்களை நிரப்புவதால் பயன் இல்லை. எல்லாரும் அதையே எழுதுகிறார்கள். செய்ததைச் சொல்ல வேண்டும். "கல்லூரி விழாவுக்குக் கணக்குப் பார்த்தேன், ஒதுக்கிய தொகைக்குள் முடித்தேன்" என்ற ஒரு வரி பத்துப் பெயரடைகளுக்குச் சமம். உணவகத்தில் பகுதிநேர வேலை செய்ததை மறைக்க வேண்டியதில்லை. கோபமான வாடிக்கையாளரைச் சமாளித்த அனுபவம் எந்த அலுவலகத்துக்கும் தேவைதான்.

நேர்முகத்துக்குச் செல்வதற்குமுன் அந்த நிறுவனம் என்ன செய்கிறது என்பதைப் படித்துவிட்டுப் போக வேண்டும். "உங்களிடம் கேள்வி உண்டா?" என்று கேட்டால் "இல்லை" என்று தலையாட்டுவது நல்லதன்று. என் மேற்பார்வையாளர் யார்? முதல் மாதத்தில் நான் என்ன செய்வேன்? இதற்குமுன் வந்த மாணவர் என்ன வேலையை முடித்துக் கொடுத்தார்? இந்த மூன்று கேள்விகளுக்கும் தெளிவான பதில் சொல்லும் நிறுவனம் பயிற்சிக்குத் தயாராக இருக்கிறது என்று கொள்ளலாம். பதில் மழுப்பலாக வந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

உள்ளே சென்ற பிறகு

முதல் வாரத்தில் மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து, இந்தக் காலத்துக்குள் என்னென்ன கற்க வேண்டும் என்று மூன்று அல்லது நான்கு இலக்குகளை எழுதிக்கொள்வது நல்லது. ஒவ்வொரு நாளும் ஐந்து நிமிடம் ஒதுக்கி, செய்தது என்ன, புரியாதது என்ன என்று குறித்து வைத்தால், கடைசியில் அறிக்கை எழுத இரவெல்லாம் விழிக்க வேண்டியிருக்காது. பாதிக் காலம் முடிந்ததும், "நான் எதில் திருந்த வேண்டும்?" என்று தானே போய்க் கேட்கும் மாணவரை எந்த மேலாளரும் மறப்பதில்லை.

தேநீர் வாங்கி வரச் சொன்னால் என்ன செய்வது? நகல் எடுக்கச் சொன்னால்? எல்லா அலுவலகத்திலும் சில்லறை வேலைகள் இருக்கும். அவற்றை எல்லாருமே செய்கிறார்கள். கூட்டத்துக்கு நகல் எடுத்துக் கொடுத்தவர், "அந்தக் கூட்டத்தில் நானும் பின்வரிசையில் உட்காரலாமா?" என்று கேட்கலாம். சில்லறை வேலை அப்போது ஒரு வாசலாகிறது. ஆனால் வாரக்கணக்கில் அது மட்டுமே வேலை என்றால், அது பயிற்சி ஆகாது. முதலில் மேற்பார்வையாளரிடம் பணிவாகச் சொல்ல வேண்டும். மாற்றம் இல்லையென்றால், முதலில் எழுதிய இலக்குகளையும் நாள்குறிப்பையும் எடுத்துக்கொண்டு பொறுப்பு விரிவுரையாளரிடம் செல்ல வேண்டும். பயிற்சி முடிந்த மறுநாள் சொல்வதைவிட மூன்றாவது வாரத்தில் சொல்வதே பலன் தரும்.

சில விஷயங்களில் பொறுமை காட்டவே கூடாது. பாதுகாப்புக் கவசம் இல்லாமல் இயந்திரத்தை இயக்கச் சொல்வது, பொய்க் கணக்கு எழுதச் சொல்வது, தகாத பேச்சு, தொடுதல் ஆகியவை நடந்தால் "மதிப்பெண் போய்விடுமே" என்று அஞ்சி மௌனமாக இருக்கக்கூடாது. 2014 ஆம் ஆண்டின் தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டம் பயிற்சி மாணவரையும் காக்கிறது. அன்றே கல்லூரிக்குத் தெரிவிக்க வேண்டும். வீட்டிலும் சொல்ல வேண்டும்.

மாணவருக்கும் கடமை உண்டு. வாடிக்கையாளரின் விவரங்களைச் சமூக ஊடகத்தில் போடுவது, நிறுவனத்தின் ரகசியக் கோப்புகளைச் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளில் அனுமதியின்றி ஏற்றுவது, மேசையில் எடுத்த புகைப்படத்தில் திரையில் உள்ளது தெரியும்படி விடுவது ஆகியவை விளையாட்டாகத் தோன்றினாலும் பயிற்சியையே முடித்துவைக்கக்கூடிய தவறுகள்.

முதலாளிகளும் பெற்றோரும்

சொல்லிக் கொடுக்கவே நேரம் போய்விடுகிறது என்று கூறும் முதலாளிகள், அதே காலத்தை நீண்ட நேர்முகமாகவும் பார்க்கலாம். அரைமணி நேரக் கேள்வி பதிலில் தெரியாத குணம், சில மாதங்கள் கூட இருந்து பார்த்தால் தெரிந்துவிடும். பிடித்தவரை ஊழியராக எடுத்துக்கொள்ளும்போது அவருக்கு இடமும் ஆட்களும் வேலைமுறையும் ஏற்கெனவே பழக்கம். அதற்கு நிறுவனம் செய்ய வேண்டியது, பொறுப்பான ஒருவரை மேற்பார்வையாளராக நியமித்து, முடிவில் மாணவர் "இதை நான் செய்தேன்" என்று காட்டக்கூடிய ஒரு முழுமையான வேலையைக் கொடுப்பதாகும்.

பெற்றோர் "எவ்வளவு கொடுக்கிறார்கள்?" என்று கேட்பது இயல்பு. அதோடு "இன்று என்ன கற்றாய்?" என்றும் கேட்டால், வீட்டிலேயே ஒரு வழிகாட்டி கிடைத்துவிட்டார் என்று பொருள். மேலாளரைத் தொலைபேசியில் அழைத்துப் பிள்ளைக்காகப் பேசுவது மட்டும் வேண்டாம். அது பிள்ளைக்கு மதிப்பைக் குறைத்துவிடும்.

பயிற்சி முடிந்ததும், "இந்தத் துறை எனக்கு ஒத்துவராது" என்று ஒரு மாணவர் உணர்ந்தால் அதுவும் தோல்வி அன்று. பத்தாண்டு வேலை செய்த பிறகு தெரியவேண்டியது ஆறு மாதத்தில் தெரிந்துவிட்டது. ஒத்துவரும் என்று உணர்ந்தவரோ, மேற்பார்வையாளருக்கு நன்றிக் கடிதம் எழுதி, பரிந்துரைக் கடிதம் பெற்று, தொடர்பை விடாமல் வைத்திருக்க வேண்டும்.

இன்று பயிற்சி மாணவராக ஒரு மேசையின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர், சில ஆண்டுகளில் அதே மேசையின் மறுபக்கத்தில் மேற்பார்வையாளராக உட்காரக்கூடும். அப்போது, யாரையும் தெரியாத ஒரு லாரி ஓட்டுநரின் பிள்ளை விண்ணப்பம் அனுப்பியிருந்தால், அதைப் பிரித்துப் படித்து ஓர் அழைப்பு விடுப்பதே அவர் தாம் கற்றதைத் திருப்பிக் கொடுக்கும் வழி. தெரிந்தவர் இல்லாத பிள்ளைகளுக்குத் தெரிந்தவர்கள் அப்படித்தான் உருவாகிறார்கள்.